கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா

அன்புள்ள அக்கா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் கடலூரில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சாப்பாடு போடுகிறோம். எங்களைப் போலவே பல குழுக்கள். எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்து நாளைப் பிரித்துக்கொண்டால் என்ன? இந்த முறை என் மகள் பிறந்தநாளும் அங்கேதான். வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?

செ., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள செ.,

தாராளமாகக் குரூப் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று அண்டா பிரியாணி வந்து, புதன்கிழமை ரசத்துக்குத் தக்காளி இல்லாத கூத்தாவது குறையும். ஆனால் பிள்ளைகள் முகம் தெரிய போட்டோ போடாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு இருக்கிறது. அதை விடுங்கள், உங்கள் மகள் தட்டேந்தி நிற்கிற படத்தை யாரோ ஸ்டேட்டஸ் வைத்தால் சும்மா இருப்பீர்களா?

சரி, குரூப்பில் யார் யார்? கொடுக்கிறவர்கள் மட்டும்தான், இல்லையா? அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் உங்கள் நினைப்பிலேயே இல்லை. இல்லத்துப் பிள்ளை என்றால் நாதியற்றது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். புருஷன் செத்தது, குடி, கடன், கூலிக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது, இப்படி ஏதோ ஒன்று கொண்டுவந்து விட்டிருக்கும்.

ஒரு இல்லத்தில், பார்வையாளர் நாளன்று, பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முந்திரி உடைக்கிற கை, கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. மடியில் தினத்தந்தித் தாளில் சுற்றிய முறுக்கு. உள்ளே யாரோ ஒரு பிரமுகருக்குப் பிறந்தநாள், பிளெக்ஸ், மைக், கேக். ‘புரோகிராம் முடியட்டும்மா’ என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிந்தபோது மணி ரெண்டு, கடைசியில் மகனோடு அரை மணி நேரம். பிள்ளையோ முன்பின் தெரியாத ஒருவருக்குக் கைதட்டித் தட்டிக் களைத்துப் போயிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பிரமுகர் கெட்டவர் இல்லை, உங்களைப் போல நல்ல மனுஷர்தான், அதுதான் எரிச்சல்!

இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் உதவி உண்டு. கணவனை இழந்தவர்கள் கேட்கலாம், குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எத்தனை அம்மாக்களுக்கு இது தெரியும்? தெரிந்தாலும் வருமானச் சான்று, இறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் என்று அலைகிற நாளெல்லாம் கூலி போய்விடும். உங்கள் நண்பர்களில் ஒருவர் அப்படி ஒரு அம்மாவோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் மனு எழுதிக் கொடுங்கள், திரும்பத் திரும்பப் போய் விசாரியுங்கள். இல்லத்துக்காரர்கள், பள்ளிக்கூட டீச்சர், குழந்தைகள் நலக் குழு, அம்மா, நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். பேச மாட்டார்கள், பேச வைக்க வேண்டும். பிரியாணி போடுகிறவருக்கு அந்தப் பொறுமை வருமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதம். கேக்கை வீட்டிலேயே வெட்டுங்கள், பார்வையாளர் நாளில் மட்டும் அங்கே போகவே போகாதீர்கள்.

80ஜி ரசீதா? இல்ல ஆபீசில் கேளுங்கள், பதிவு இருந்தால் பணமாகக் கொடுத்ததற்குக் கொடுப்பார்கள், சாப்பாட்டுக்குக் கிடையாது.