பக்கத்து மேசையில் ஓயாத போன் பேச்சு

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நாள் முழுக்கப் போனில் சத்தமாகப் பேசுகிறார். பேசும்போதே பேனாவை ‘டிக் டிக்’ என்று அழுத்திக்கொண்டே இருப்பார். மற்றபடி நல்ல மனிதர். இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் போனை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தை வீட்டில் காட்டிவிடுகிறேன். எனக்குத்தான் பொறுமை இல்லையோ?

பதில்: இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்களே, உங்களுக்கா பொறுமை இல்லை?

எதிரில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நம்மால் வேலையைப் பார்க்க முடிகிறது. போன் பேச்சு அப்படி விடுவதில்லை. “ஐயையோ, அப்புறம்?” என்று அவர் கேட்டு நிறுத்துவார், அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று மனசு தானாக ஊகிக்கத் தொடங்கிவிடும். 2010-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முழு உரையாடலையும் கேட்டவர்களைவிட, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்கே கவனம் அதிகம் சிதறியது. ஆகவே உங்களைச் சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் எரிந்து விழுவதற்கும் காரணம் உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1960-களின் இறுதியில் சிலரை உட்காரவைத்து, நேரங்காலம் தெரியாமல் வெடிக்கும் இரைச்சலைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் “வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம்” என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆனால் இரைச்சல் ஓய்ந்த பிறகு கொடுத்த புதிர்களில், பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். நிறுத்தச் சொல்லலாம் என்ற உரிமை கையில் இருந்தாலே பாதிச் சுமை குறைகிறது. அந்த உரிமையை நீங்கள் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவரிடம் பேசுங்கள். கோபம் தலைக்கேறிய நேரத்தில் வேண்டாம். அவர் போனை வைத்த உடனேயும் வேண்டாம். இருவரும் சும்மா இருக்கும்போது, தனியாக: “சார், நீங்க போன்ல பேசறப்போ என்னால கணக்கு பார்க்க முடியல. நீளமான கால் வந்தா கொஞ்சம் வெளியே போய்ப் பேசுறீங்களா?” அவ்வளவுதான். ‘எப்பப் பார்த்தாலும்’, ‘எல்லாருக்கும் தொல்லை’ போன்ற வார்த்தைகள் வேண்டாம். அவை வந்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். பேனாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குறை சொன்னால் எதுவும் நடக்காது.

அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கலாம். நல்ல மனிதர் என்கிறீர்கள், தாங்கிக்கொள்வார். தான் இவ்வளவு சத்தமாகப் பேசுவது அவருக்கே தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். பேனாச் சத்தம், மெல்லும் சத்தம் போன்றவை யாரிடமிருந்து வந்தாலும் உடம்பே பதறுகிறது என்றால் அது மிசோஃபோனியாவாக, அதாவது குறிப்பிட்ட சில சத்தங்களைத் தாங்கவே முடியாத நிலையாக இருக்கலாம். அப்படியானால் தயங்காமல் ஒரு செவித்திறன் நிபுணரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

பழக்கதோஷத்தில் அவர் மறுபடி மேசையிலேயே பேசத் தொடங்குவார். அப்போது வாசல் பக்கம் கையைக் காட்டி, சிரித்த முகமாக ஞாபகப்படுத்துங்கள். முதல் தடவை மறந்தபோதே செய்துவிடுங்கள்.