கோபமே வராதவருக்குத்தான் உணர்ச்சி நுண்ணறிவு இருக்கிறதா?

கோபத்தை அடக்குவதுதான் உணர்ச்சி நுண்ணறிவா, அது வேலையில் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடக்குவது அல்ல. 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜோன் மேயரும் கொடுத்த விளக்கம் இது: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, பிரித்தறிவது, அதை வைத்து யோசித்து நடப்பது.

நான் கல்முனையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் ஓர் அம்மா, தைத்த சட்டை இறுக்கம் என்று சத்தம் போட்டார். கடைப் பொடியன் பில்லைக் காட்டி வாதாடினான். சத்தம் கூடியதுதான் மிச்சம். கடையில் வேலை செய்யும் மூத்த அக்கா ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு, "நாளைக்குப் பிள்ளை என்னத்தப் போடுற எண்டுதானே யோசிக்கிறீங்க?" என்றார். அம்மா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பக்கத் தையலைப் பிரித்துத் தைக்க 20 நிமிடம்.

கோபத்துக்கு அடியில் கிடந்த பயத்தை அக்கா சொல்லில் எடுத்துவைத்தார், அவ்வளவுதான். உணர்வுக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியில் பரபரப்புக் குறைவதை 2007இல் உளவியலாளர் மத்தியூ லீபர்மன் குழு காட்டியது. (அவர்கள் பார்த்தது முகப்படங்களை வைத்து, தீபாவளிக் கூட்டத்தில் அல்ல.)

வீட்டில்தான் எனக்கு இது வராது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இது களைப்பு, பிள்ளையில் கோபம் இல்லை" என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறது.