மணலுக்குள் மூச்சு

கேள்வி: கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கும் சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழுக்கள் சேற்றுக்குள் வாழ்பவை என்கிறார்கள். காற்றே புகாத இடத்தில் அவை எப்படி மூச்சு விடுகின்றன? ஆற்று மணலுக்குள்ளும் இப்படி உயிர்கள் உண்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சேறும் நீரும் விட்டு, புழுக்களை அதில் போட்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். தலையைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் நீரில் நீட்டி அவை ஆட்டிக்கொண்டிருக்கும். கிண்ணத்தை விரலால் தட்டினால் அத்தனை வால்களும் ஒரே நொடியில் மறைந்துவிடும். வாய் சேற்றிலுள்ள பாக்டீரியாவைத் தின்ன, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வால்புறத் தோல் வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய வால் இன்னும் நீளமாக வெளியே வரும். அந்தச் சிவப்பும் அழகுக்கு வந்ததன்று. குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் ஹீமோகுளோபின் வகை நிறமியே அது.

மணலின் கதை வேறு. ஓடும் ஆற்றின் நீர் மணலுக்கு மேலே மட்டும் ஓடுவதில்லை. படுகை மேடாகும் இடத்தில் உள்ளே இறங்கி, மணல்மணிகளின் இடுக்குகள் வழியே மெல்ல நகர்ந்து, சற்றுத் தள்ளி மீண்டும் மேலே வருகிறது. இந்த நிலத்தடி ஓட்டத்தை ஒரு தனி வாழிடமாகக் கண்டு, 1959ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் விவரித்தவர் ருமேனிய ஆய்வாளர் திரையான் ஓர்கிதான். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத துடுப்புக்காலிகள் (இறாலின் தூரத்து உறவுகள்), நூற்புழுக்கள், ரோட்டிஃபர்கள் என்ற நுண்விலங்குகள், இவற்றோடு பூச்சிகளின் இளம்புழுக்கள் ஆகியவை அங்கே குடியிருக்கின்றன. மணல்மணிகளின் மேல் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலந்தான் பலவற்றுக்குச் சாப்பாடு. நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்ட இனங்களில் பல, இடுக்கில் நுழைய வாகாக நூல்போல் நீண்டு, நிறமும் கண்ணும் இழந்தவை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஃபிளாட்ஹெட் ஆற்றிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணறுகளில், ஆற்றுநீரில் வளரும் பூச்சிகளான கல் ஈக்களின் இளம்புழுக்கள் கிடைத்ததாக 1988இல் ஆய்வாளர்கள் எழுதியபோது, ஆற்றின் கரை எது என்ற கேள்வியே புதிதாக எழுந்தது.

நம் கொசஸ்தலையாற்றைப் போல மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறுகளில், மேற்பரப்பு காயும்போது சில உயிர்கள் ஈரத்தைத் தொடர்ந்து ஆழத்துக்கு இறங்கும். சில உலர்வைத் தாங்கும் முட்டைகளாகக் காத்திருக்கும். ஊற்றுத் தோண்டினால் நீர் சுரக்கும் மணலில் அவற்றுக்கும் இடமுண்டு. வண்டலோ அனல்மின் நிலையச் சாம்பலோ படிந்து இடுக்குகள் அடைபட்டால் மட்டும் அவை தப்புவது கடினம். உள்ளே நீர் ஓடாது, ஆக்சிஜனும் வராது. அப்படிப்பட்ட, கழிவு கலந்த சேற்றில் தழைப்பவை உங்கள் சிவப்புப் புழுக்களே. ஆகையால் மீனுக்குப் போடும் முன், ஓடும் நீரில் அவற்றைப் பலமுறை அலசிவிடுங்கள்.