சிங்கப்பூரில் தாறுமாறாக ஓட்டும் பஸ், லாரி ஓட்டுநர்மீது எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

கேள்வி இது: "விரைவுச்சாலையில் ஒரு லாரி என் காரை உரசுவதுபோல் குறுக்கே புகுந்து போனது. டேஷ்கேமில் பதிவாகியிருக்கிறது. யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் ஏதாவது நடக்குமா, நேரம்தான் வீணா?"

நடக்கும். வண்டி எண், இடம், நேரம், ஓட்டுநர் செய்த காரியம், இந்த நாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தால் நடக்கும். ஒன்று இடறினாலும் புகார் விசாரணை அதிகாரியின் மேசையிலேயே படுத்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். ஆபத்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் (எதிர்த்திசையில் வரும் வண்டி, தடத்துக்குத் தடம் தள்ளாடும் லாரி, கட்டு அவிழ்ந்து சரக்கு தொங்கும் டிரெய்லர்) படிவம் கிடிவம் எல்லாம் அப்புறம், 999ஐ அழையுங்கள். பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. அழைப்பது பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைப் பிடித்துப் படமெடுத்தால், முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உங்களுக்குத்தான். அப்படி எடுத்த காணொளியை அனுப்புவது, உங்கள் குற்றத்துக்கு நீங்களே சாட்சி சொல்வது மாதிரி.

ஆபத்து கடந்துவிட்டதா? அப்படியானால் போகவேண்டிய இடம் போக்குவரத்துக் காவல்துறை. உபியில் இருக்கும் அதன் தலைமையகம் வரை நேரில் போகத் தேவையில்லை. காவல்துறை இணையத்தளத்தின் மின்சேவைப் பகுதியில் சிங்பாஸ் (அரசாங்க மின்சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கொண்டு நுழைந்து, சாலையைப் பயன்படுத்துவோரின் விதிமீறல் பற்றிய படிவத்தை நிரப்பிக் காணொளியை இணைக்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கும் சிங்பாஸ் உண்டு என்பதால் இது குடிமக்களுக்கு மட்டுமான வழி அல்ல. பெயர் போடாமல் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுப்பதில் பயன் குறைவு. ஓட்டுநர் மறுத்து வழக்கு நீதிமன்றம் போனால் "நான் பார்த்தேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். அதற்குத் தயாரில்லை என்றால் அதிகாரியின் கை கட்டப்பட்டுவிடுகிறது.

எல்லாத் தொல்லையும் காவல்துறையின் வேலை இல்லை. குடியிருப்புப் பேட்டையில் ராத்திரி முழுக்க நிற்கும் லாரிக்கும், சாலையில் கொட்டிக் கிடக்கும் மண்ணுக்கும் 'ஒன்சர்வீஸ்' செயலியில் படத்தோடு போட்டால் உரிய அமைப்புக்கு அதுவே போய்ச் சேரும். கரும்புகை கக்கும் வண்டிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம். தவறான கதவைத் தட்டினால் மாற்றி அனுப்புவார்கள், ஆனால் அந்த இடைவெளியில் கேமராப் பதிவுகள் அழிந்துவிடும்.

இனி வண்டி எண். பாதிப் புகார்கள் தடுக்கி விழுவது இங்கேதான் என்பேன். முன்னெழுத்தே பாதி விவரம் சொல்லிவிடும். 'ஜி'யில் தொடங்கினால் 3.5 டன் வரையுள்ள சிறு சரக்கு வண்டி. 'ஒய்' அதற்கு மேல் 16 டன் வரை. 'எக்ஸ்' அதற்கும் மேல்: டிப்பர், கான்கிரீட் கலவை லாரி, கன்டெய்னர் இழுக்கும் தலைவண்டி. 'பி' என்றால் தனியார் பஸ். கன்டெய்னர் லாரியின் பின்னால் போகும்போது கண்ணில் படும் 'டிஆர்' எண், டிரெய்லருடையது. ஒரே டிரெய்லரைக் காலையில் ஒரு தலைவண்டி இழுக்கும், மாலையில் வேறொன்று இழுக்கும். ஆகவே முந்திப்போகும் தருணத்தில் தலைவண்டியின் 'எக்ஸ்' எண் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று காணொளியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

எண்ணின் கடைசி எழுத்து அலங்காரத்துக்கு இல்லை, அது ஒரு சரிபார்ப்பு எழுத்து. 'ஒய்என் 1234' என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வரிசையில் ஒய் 25, என் 14. இவற்றை முறையே 9, 4 ஆகியவற்றால் பெருக்கினால் 225, 56. நான்கு இலக்கங்களை 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால் 30. மொத்தம் 311. இதை 19ஆல் வகுத்தால் மீதி 7. மீதி 7க்கு உரிய எழுத்து 'ஆர்', ஆகவே முழு எண் 'ஒய்என் 1234 ஆர்'. மங்கலான படத்தில் 3ஐ 8 என்று படித்து 1284 என்று எழுதினீர்கள் என்றால் மீதி 3 ஆகி, எழுத்து 'எக்ஸ்' வரவேண்டும். நீங்கள் பார்த்ததோ 'ஆர்'. உடனே தவறு தெரிந்துவிடும். தானாகவே கணக்குப் போட்டுத்தரும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. அனுப்பும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒரு இலக்கம் பிசகினால், அந்த நேரத்தில் தன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்குக் கடிதம் போகும்.

இடத்தைச் சொல்வதற்குச் சிங்கப்பூரில் வசதிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் எண் உண்டு. ஒவ்வொரு பஸ் நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. உள்சாலை என்றால் பக்கத்துப் புளோக் எண் போதும். விரைவுச்சாலை என்றால் எந்தத் திசை, எந்த வெளிவழியைத் தாண்டி, எந்தத் தடம் என்று சொல்லவேண்டும். தடங்களை வலப்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள், வலக்கோடியில் இருப்பதுதான் முதல் தடம். இதைத் தலைகீழாக எழுதிவிட்டு, காணொளியும் எழுத்தும் முரண்படுகிறதே என்று அதிகாரியைத் தலையைச் சொறிய வைக்காதீர்கள்.

டேஷ்கேம் சங்கதிகள் கொஞ்சம். 1080பி பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் பிடிக்கும். 64 கிகாபைட் அட்டை பத்து மணி நேரத்தில் நிறைந்து, பழையதன்மேல் எழுத ஆரம்பிக்கும். முன்னும் பின்னும் கேமரா என்றால் அதில் பாதிதான். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அது ஒரு ஷிப்ட்கூட வராது. மோதலின் அதிர்ச்சியில் கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கும், ஆனால் குறுக்கே புகுந்த வண்டி உங்களை இடிக்கவில்லையே! அதிர்ச்சி இல்லை, பூட்டும் இல்லை. பாதுகாப்பாக நிறுத்தியதும் அவசரப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள், அல்லது அட்டையைக் கழற்றிவிடுங்கள். கோப்பைச் செயலி வழியாகக் கைப்பேசிக்கு இறக்கினால் சில கேமராக்கள் தரத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும். வாட்ஸ்அப் இன்னும் நசுக்கும். அட்டையிலிருந்து நேராகக் கணினிக்கு நகல் எடுத்தால்தான் எண் படிக்கும்படி இருக்கும். சம்பவத்துக்கு அரை நிமிடம் முன்பிலிருந்து வெட்டாமல் வையுங்கள், இசை சேர்க்காதீர்கள், வட்டம் போடாதீர்கள். கேமராக் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றால், "திரையில் உள்ள நேரம் உண்மை நேரத்தைவிட 7 நிமிடம் பின்தங்கியுள்ளது" என்று நீங்களே எழுதிவிடுங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரியை முன்கேமரா பார்க்காது என்பதையும், திரையின் மூலையில் உங்கள் வேகமும் பதிவாகியிருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். நீங்கள் 110ல் போய்க்கொண்டு லாரியைக் குறை சொன்னால் விசாரணை இரண்டு பக்கமும் திரும்பும்.

எழுதும் விதம்தான் அடுத்தது. "இந்த லாரிக்காரர் பைத்தியம் மாதிரி ஓட்டினார், எல்லாரையும் கொல்லப் பார்த்தார், உரிமத்தைப் பிடுங்குங்கள்" என்பதில் அதிகாரி எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "தீவு விரைவுச்சாலை, துவாஸ் நோக்கி, யூனோஸ் வெளிவழி தாண்டியதும். நான் இரண்டாம் தடத்தில் 75 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் தடத்தில் வந்த லாரி என்னை முந்தி, சிக்னல் போடாமல் என் தடத்துக்குள் நுழைந்தது. இடைவெளி ஒரு கார் நீளம். நான் பலமாகப் பிரேக் பிடித்தேன். காணொளியில் 0:34." படிவத்தை எளிய ஆங்கிலத்தில் நிரப்பினால் போதும், இலக்கியம் வேண்டியதில்லை.

அந்த "75ல் போன என்னை முந்தியது" என்ற சொற்றொடரில் சரக்கு இருக்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி விரைவுச்சாலையில் 60ஐத் தாண்டக்கூடாது, பஸ்ஸுக்கும் அதே 60தான். வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் வேகக்குறி அதைத்தான் சொல்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முன்பே கட்டாயம், 3.5 முதல் 12 டன் வரையுள்ள லாரிகளுக்கும் படிப்படியாகக் கட்டாயமாக்குகிறார்கள். ஆக, ஓர் 'எக்ஸ்' வண்டி 80ல் போகிறது என்றால் ஓட்டுநரின் அவசரம் மட்டும் காரணமாக இருக்காது; யாரோ கருவியில் கை வைத்திருக்கலாம், அந்தக் கேள்வி நிறுவனத்தின் வாசல் வரை போகும். சிவப்பு விளக்கைத் தாண்டியது, முந்தாமலேயே வலக்கோடித் தடத்தில் குடியிருக்கும் லாரி, இவையெல்லாம் காணொளியிலேயே முழுதாகத் தெரிவதால் நிரூபிக்க எளிது. "முறைத்தார்", "வேண்டுமென்றே செய்தார்" என்பவை கடினம்.

பொதுப் பேருந்து என்றால் இரண்டு வழி. சாலையில் நடந்த குற்றத்துக்குப் போக்குவரத்துக் காவல்துறை. உள்ளே நடந்ததற்கு, அதாவது மூதாட்டி உட்காரும் முன் வெடுக்கென்று கிளப்பியது, கதவில் கை மாட்டியது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டியது போன்றவற்றுக்கு, அந்தப் பஸ் சேவையை நடத்தும் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். பஸ்ஸுக்குள் கேமரா உண்டு, ஆனால் அதுவும் பழையதன்மேல் எழுதுகிற கேமராதான். அன்றைக்கே சொல்லவேண்டும். சேவை எண்ணை மட்டும் சொன்னால் போதாது. ஒரே 67ஆம் எண்ணில் எத்தனையோ பஸ்கள் ஓடுகின்றன. வண்டியின் பதிவு எண், ஏறிய நிறுத்தத்தின் குறியீடு, நேரம் வேண்டும். பஸ் ஓட்டுநர் சாதாரண உரிமத்துக்கு மேல் தொழில்சார் உரிமமும் வைத்திருக்கவேண்டும், அதை வழங்குவது நிலப் போக்குவரத்து ஆணையம். தொழிற்சாலை பஸ், பள்ளி பஸ் ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒன்று. "பஸ் நிறுத்தத்திலிருந்து திடீரென்று என் முன்னால் வெளியே வந்தது" என்ற புகாரை அனுப்பும் முன், சாலையில் மஞ்சள் கட்டமும் வழிவிடும் குறியும் இருந்தனவா என்று காணொளியைப் பாருங்கள். 2008ல் தொடங்கிய திட்டப்படி அந்த இடங்களில் பஸ்ஸுக்கு வழிவிடுவது கட்டாயம். அங்கே தவறு உங்களுடையது.

லாரியின் பின்தட்டில் வேலைக்குப் போகும் தம்பிமார்களுக்காகத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தாறுமாறான ஓட்டத்தை அவர்களைவிடப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் யாருமில்லை. கதவருகே எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுவது தவறு. நின்றுகொண்டு வருவதும் தவறு. 2023 ஜனவரி 1 முதல், ஆட்களை ஏற்றும் லாரிகளில் ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்க ஒரு துணையாள் நியமிக்கப்பட்டிருக்கவேண்டும். ஓட்டுநர் தூங்கி வழிந்தால், வேகமாகப் போனால், முதலில் அந்தத் துணையாளிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள். பலனில்லை என்றால் மனிதவள அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ போகலாம். நிலையத்தின் உதவி எண் 6536 2692. வண்டி எண், தேதி, கிளம்பிய விடுதி, போன தளம், எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கைப்பேசிக் குறிப்பில் தமிழிலேயே எழுதி வைத்திருங்கள். ஒரு நாள் விவரத்தைவிட இரண்டு வார விவரம் கனமானது.

புகார் போன பிறகு? காவல்துறை வண்டி உரிமையாளரிடம் "அப்போது யார் ஓட்டியது" என்று கேட்கும். சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் உரிமையாளரே ஓட்டியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதனால்தான் நிறுவன வண்டி என்றாலும் ஆள் அகப்படுகிறார். எச்சரிக்கையோடு முடியலாம், அபராதமும் குற்றப்புள்ளியும் வரலாம் (கனரக வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டினால் 500 வெள்ளியும் 12 புள்ளியும், 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தம்), நீதிமன்றத்துக்கும் போகலாம். அபாயகரமாக ஓட்டியது நிரூபணமானால், யாருக்கும் காயமே இல்லாவிட்டாலும், முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முடிவு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு விரிவாகக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். பொய்ப்புகாருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

லாரியில் எழுதியிருக்கும் நிறுவன எண்ணுக்கு அழைக்கலாமா? அழைக்கலாம், சில நிறுவனங்கள் உடனே ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பேசும். கடுமையான குற்றம் என்றால் காவல்துறைக்குக் கொடுத்த பிறகு அழையுங்கள். முந்திச் சொன்னால் அவர்கள் கேமரா அட்டை "தற்செயலாக" மாறிவிட வாய்ப்புண்டு.

காணொளியை ஃபேஸ்புக்கில் போடும் ஆசையை அடக்குங்கள். ஓட்டுநரின் முகம், பெயர், வேலையிடம் எல்லாம் சேர்த்து அவரைத் துன்புறுத்தும் நோக்கில் பதிவிட்டால், துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் மாட்டிக்கொள்வது நீங்கள். படிவத்தை அனுப்பியதும் குறிப்பெண்ணைப் படமெடுத்து, மூலக் கோப்பை அசல் பெயர் மாற்றாமல் கணினியில் ஒன்றும் தனி அட்டையில் ஒன்றுமாக வைத்திருங்கள். மாதங்கள் கழித்து அதிகாரி அழைத்தால் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.