வாசகர் கேள்வி-பதில்: வழுக்கும் கத்திப் பிடிக்குக் கயிறு சுற்றலாமா?

கேள்வி: தோட்ட வேலைக்கும் வெளியில் முகாமிடும்போதும் ஒரே கத்தியைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் மரப்பிடி மெருகேற்றியது என்பதால் கை வியர்த்தாலோ நனைந்தாலோ நழுவுகிறது. நைலான் கயிறு சுற்றினேன். இப்போது கயிறே பிடியின் மேல் நகர்ந்து ஒரு பக்கமாகத் திரண்டுவிடுகிறது. எந்தக் கயிற்றை, எவ்வளவு நீளத்தில், எப்படிச் சுற்ற வேண்டும்?

பதில்: நகரும் சுற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள். வெறும் பிடி வழுக்கும் என்று தெரிந்தவர் கவனத்துடன் பிடிப்பார். கயிறு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அழுத்தி வெட்டும்போது அந்தக் கயிறே முன்னோக்கிச் சரிந்தால், ஆள்காட்டி விரல் நேராக அலகின் மேல் போய் நிற்கும். ஆகவே கயிற்றுக்கும் கைக்கும் உள்ள பிடிப்பைவிட, கயிற்றுக்கும் மரத்துக்கும் உள்ள பிடிப்புதான் இங்கே முதன்மையானது. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான்.

அவிழ்த்த கையோடு பிடியையும் சோதித்துவிடுங்கள். மரத்தில் விரிசல் இருந்தாலோ, அலகைப் பிடித்து ஆட்டும்போது உள்ளே இரும்பு அசைந்தாலோ, அதன் மேல் கயிறு சுற்றுவது பழுதை மறைப்பதாகுமே தவிரச் சரிசெய்வதாகாது. பிடி உறுதியாக இருந்தால், மெருகு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுங்கள். அதன் மேல் துணி நாடா ஒன்றை ஒரே அடுக்காக ஒட்டுங்கள். ஜப்பானிய வாள்களின் பிடியில் மரக்கட்டைக்கும் பட்டு நாடாவுக்கும் நடுவே திருக்கை மீனின் தோலைப் பதிப்பது வழக்கம். அந்தத் தோலில் மணிமணியாகத் துருத்தி நிற்கும் முண்டுகள் நாடாவை இடம்பெயர விடுவதில்லை. நமக்கு அதே வேலையைச் சொரசொரப்பான மரமும் துணி நாடாவும் செய்து கொடுக்கும்.

கயிற்றைப் பொறுத்தவரை, பாராகார்டு எனப்படும் பின்னல் உறையிட்ட நைலான் கயிறு பொருத்தமானது. பரவலாகக் கிடைக்கும் 550 என்ற வகை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ளது. அந்த எண் அது தாங்கக்கூடிய 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ எடையைக் குறிக்கிறது. அதை அப்படியே சுற்றினால் பிடியின் விட்டம் 8 மில்லிமீட்டரும், சுற்றளவு ஏறத்தாழ 25 மில்லிமீட்டரும் கூடிவிடும். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெருந்தொல்லை. விரல்கள் முழுமையாக மூடாத பிடியில் கயிறு இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்டவர்கள் கயிற்றின் உள்ளே இருக்கும் 7 இழைகளையும் உருவிவிட்டு, வெற்று உறையை மட்டும் சுற்றலாம். அது தட்டையாகப் படிந்து, பருமனையும் வெகுவாகக் குறைக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு மலிவாகத் தோன்றினாலும் வழவழப்பானது, வெயிலில் நைந்துபோவது. இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. பிடியின் நீளத்தைக் கயிற்றின் தடிமனால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும். 11 சென்டிமீட்டர் பிடிக்கு 4 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஏறத்தாழ 28 சுற்றுகள். பிடியின் சுற்றளவு 8 சென்டிமீட்டர் எனில், கயிற்றின் பருமனையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் செலவாகும். ஆக 2.6 மீட்டர், இழுத்துப் பிடிக்கவும் முடிக்கவும் மிச்சம் வேண்டுமென்பதால் 3 மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். உருவிய உறை தட்டையாகி அகலும் என்பதால் அதற்கு இதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

வேலையைத் தொடங்குமுன் அலகை அட்டையில் பொதிந்து நாடாவால் இறுக்கக் கட்டுங்கள். கயிற்றை இழுக்கும் வேகத்தில் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நைலான் கயிற்றை நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு சுற்ற வேண்டும். நைலான் ஈரத்தில் சற்று நீளும், உலரும்போது மீண்டும் சுருங்கும். அந்தச் சுருக்கமே சுற்றை இறுக்கிக் கொடுக்கும். முறுக்கிய பருத்திக் கயிறு இதற்கு நேர்மாறானது: நனையும்போது பருத்து நீளத்தில் குறுகும், காய்ந்ததும் தளரும். ஆகவே அதை முன்னதாகவே அலசி, நன்றாக உலர்த்திய பிறகுதான் சுற்ற வேண்டும்.

கயிற்றின் தொடக்க முனையைப் பிடியின் நீளவாக்கில் கிடத்தி, அலகின் பக்கத்திலிருந்து அதன் மேலேயே சுற்றி வாருங்கள். முதல் சில சுற்றுகளே அந்த முனையை அழுத்திப் பூட்டிவிடும். ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு இடைவெளியில்லாமல் நெருக்கித் தள்ளுங்கள். கடைசி ஏழெட்டுச் சுற்றுகளுக்கு முன்பு, மெல்லிய உறுதியான நூல் ஒன்றை இரண்டாக மடித்து, அதன் வளைவு பிடியின் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமாறு கிடத்தி, அதன் மேல் மீதிச் சுற்றுகளைப் போடுங்கள். பிறகு கயிற்றின் முனையை அந்த வளைவுக்குள் நுழைத்து, நூலின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், நூல் வெளியே வரும்போது கயிற்றின் முனையும் சுற்றுகளுக்கு அடியில் புகுந்து மறுபுறம் தலைகாட்டும். அதை இறுக்கி, ஒட்ட வெட்டி, நெருப்புக் காட்டி லேசாக உருக்குங்கள். உருகிய நைலானை விரலால் தட்டையாக்க முயல வேண்டாம். தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

இந்த நேர்ச்சுற்று, கை முன்னும் பின்னும் வழுக்குவதைத் தடுக்கும்; உருண்டையான பிடி உள்ளங்கைக்குள் உருள்வதை அவ்வளவாகத் தடுக்காது, ஏனெனில் கயிற்றின் வரிகள் அந்தத் திசையிலேயே ஓடுகின்றன. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. சுற்றத் தொடங்குமுன், கயிற்றுத் துண்டு ஒன்றை அலகின் முதுகுக்கு நேராகப் பிடியின் முழு நீளத்துக்கும் ஒட்டி, அதன் மேல் சுற்றினால், அங்கே ஒரு மெல்லிய மேடு எழும். உருள்வதும் குறையும், வெட்டும் பக்கம் எது என்று இருட்டிலும் கை அறியும்.

கேள்வி: சமையலறைக் கத்திக்கும் இதே போலச் சுற்றலாமா?

பதில்: கூடாது. இறைச்சி, மீன் ஆகியவற்றின் நீர் கயிற்றின் இழைகளுக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலோட்டமாகக் கழுவினால் அது போகாது, கிருமிகள் பெருகும். சமையல் கத்தியின் பிடி நழுவினால், பிடியையும் கையையும் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்துக்கொள்வதே முதல் வேலை. அதற்கும் சரிவராவிட்டால், மேற்பரப்பில் சொரசொரப்பு உள்ள, நீரை உறிஞ்சாத பிடி கொண்ட கத்தியை வாங்கிக்கொள்வதே நல்லது.

கேள்வி: என் கத்தியில் பிடியே இல்லை, துளைகளிட்ட இரும்பின் மேல் நேரடியாகக் கயிறு சுற்றியிருக்கிறார்கள். அது அழுக்கேறி நாறுகிறது. பிளீச்சிங் நீரில் ஊற வைக்கலாமா? புதிதாகச் சுற்றி எபாக்சி பூசிவிடலாமா?

பதில்: குளோரின் கலந்த வெளுப்பு நீர் நைலானை அரித்து வலுவிழக்கச் செய்யும், இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். மிதமான சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கும் தூரிகை கொண்டு தேய்த்து, அலசி, காற்றோட்டமான இடத்தில் முழுவதும் உலர வைத்தால் போதும். கத்தியை ஈரத்தோடு அதன் உறைக்குள் செருகுவதுதான் நாற்றத்துக்கும் துருவுக்கும் காரணம்.

எபாக்சி பூசினால் சுற்று அசையாது என்பது உண்மைதான். ஆனால் கயிறு பசையை உறிஞ்சிக் கல்லாக இறுகி, நீங்கள் கயிறு சுற்றியதற்கான மென்மையும் சொரசொரப்பும் போய்விடும். அதைவிட முக்கியமாக, அடியில் துரு ஏறுகிறதா என்று அவிழ்த்துப் பார்க்க வழியிருக்காது. கயிற்றின் இரு முனைகளில் மட்டும் ஒரு துளி இட்டால் தாராளம். துருப்பிடிக்கும் எஃகாக இருந்தால் அவ்வப்போது கயிற்றை அவிழ்த்து, இரும்பைத் தேய்த்துத் துடைத்து, புதுக் கயிறு சுற்றுங்கள். எண்ணெய் பூசிய இரும்பின் மேல் சுற்றாதீர்கள். சுற்று மீண்டும் நகரத் தொடங்கிவிடும்.

கேள்வி: அவசரத்துக்குப் பிடியிலுள்ள கயிற்றை அவிழ்த்து ஆளைத் தாங்கப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?

பதில்: 250 கிலோ என்பது உள்ளிழைகளோடு கூடிய புதுக் கயிறு அசையாத சுமையைத் தாங்கும் அளவு. இழை உருவிய உறைக்கு அந்த வலு இல்லை. வெயிலும் வியர்வையும் கண்ட கயிற்றுக்கு அதிலும் குறைவு. முழுக் கயிறாகவே இருந்தாலும், முடிச்சும் திடீர் வெட்டு இழுப்பும் அதன் தாங்குதிறனைக் குறைத்துவிடும். கூடாரத்தின் ஓரத்தை இழுத்துக் கட்டப் பயன்படுத்துங்கள். அந்தக் கயிற்றை நம்பி ஆள் தொங்கக் கூடாது.