சென்சார் மாற்றியும் எஞ்சின் லைட் அணையவில்லை: ஈசிஎம் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2011 மாடல் பெட்ரோல் கார். ஊர் பாலக்கோடு பக்கம். மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட் அணையாமல் எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0135 (P0135) என்ற கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வந்தது. 3,500 ரூபாய்க்குப் புது ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) போட்டார்கள். லைட் அணைந்தது, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஈசிஎம் (எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, பழைய ஈசிஎம் ஒன்றை 15,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். ஆர்.சி. புதுப்பிக்கும் நேரமும் நெருங்குகிறது. மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். நூறு ரூபாய் டெஸ்ட் லேம்ப் (ஒரு பக்கம் கிளிப், ஒரு பக்கம் கூர் முனை உள்ள சின்ன பல்பு) ஒன்றை வைத்து ஈசிஎம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதைச் செய்து காட்டாமல் 15,000 கேட்பவரிடம் வண்டிச் சாவியையே கொடுக்க வேண்டாம்.

முதலில், லைட் ஏன் அணைந்து மூன்றாம் நாள் வந்தது? ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால் எந்தக் கோடும் அழியும், எந்த லைட்டும் அணையும். சென்சாரை மாற்றாமலே அழுத்தியிருந்தாலும் அணைந்திருக்கும். ஈசிஎம் ஒரு தடவை கோளாறைப் பார்த்ததும் லைட்டைப் போடாது. பெரும்பாலான வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஒரு ஓட்டம்) அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். அந்த இடைவெளியில்தான் பில் போட்டுப் பணம் வாங்கிவிடுகிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் இதே வித்தைதான். உண்மையிலேயே கோளாறு தீர்ந்திருந்தால் யாரும் அழிக்கத் தேவையில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டம் நல்லபடியாகப் போனால் லைட் தானாக அணைந்துவிடும்.

பி0135 சொல்வது சென்சாரைப் பற்றி அல்ல, சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் கரண்ட் வழியைப் பற்றி. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். புகையின் சூட்டிலேயே அது சூடாக நேரமாகும் என்பதால் உள்ளே ஒரு ஹீட்டர் கம்பி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வருகிறது. எர்த்தை ஈசிஎம் கொடுக்கிறது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் இதே கோடுதான் வரும். ஃபியூஸ் போயிருக்கலாம், ஒயர் உருகியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பச்சைத் துரு பூத்திருக்கலாம். ஹீட்டர் கம்பி அறுவது இவற்றில் ஒன்று மட்டுமே. ஈசிஎம் கடைசி. இரண்டு சென்சார் உள்ள வண்டியில் இன்னொரு கூத்தும் நடக்கும்: கோடு முதல் சென்சாருக்கு, மாற்றியது சைலன்சர் பக்கம் கைக்கு எட்டிய இரண்டாவதை. இரண்டாவதன் ஹீட்டருக்கு வரும் கோடு பி0141. எதை மாற்றினார்கள் என்று பாருங்கள்.

சோதனையை எஞ்சின் ஆறிய பிறகு, சாவி ஆஃப் நிலையில் தொடங்க வேண்டும். சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு, பெரும்பாலும் வெள்ளை, ஹீட்டருடையவை. சென்சார் பக்கம் அந்த இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். குளிர்ந்த நிலையில் பொதுவாக 3 முதல் 15 ஓமுக்குள் இருக்கும். முடிவில்லாமல் (OL என்று) காட்டினால் அந்தப் புது சென்சாரே செத்தது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து வந்தது என்பதற்காக எந்தச் சரக்கும் ஒரிஜினல் ஆகிவிடாது. வாங்கும்போது கவுண்டரிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கலாம். விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து வண்டிப் பக்கக் கப்ளர். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பாடி எர்த்தில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டருக்கான இரண்டு துளைகளிலும் மாறி மாறித் தொடுங்கள். ஒன்றில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பை எரிய வைக்காது. மற்ற இரண்டு துளைகள் சிக்னல் ஒயர், அவற்றில் டெஸ்ட் லேம்ப் பட்டுவிடக் கூடாது.

எரியவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள். போட்டதும் மறுபடி போனால் பெரிய ஃபியூஸ் போடும் புத்திசாலித்தனம் வேண்டாம், ஒயர் எங்கோ சைலன்சரில் பட்டு உருகியிருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்தும் 12 வோல்ட் வராவிட்டால் எலியைச் சந்தேகியுங்கள். மாட்டுக் கொட்டகை ஓரம், ராகி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் இது சர்வசாதாரணம். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் கடலைத் தோல் கிடந்தால் அங்கேயே தேடத் தொடங்கலாம். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் மழைக்காலம் வரைதான் தாங்கும். வண்டிப் பக்க ஒயரை சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஆனால் சென்சாரோடு வரும் ஒயரில் சால்டர் வைக்கக் கூடாது. பல சென்சார்கள் அந்த ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்றை எடுக்கின்றன. ஈயம் அடைத்தால் சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும். வெட்டி ஒட்டும் ‘யுனிவர்சல்’ சென்சாரைப் போட்டிருந்தால் அந்த இணைப்பைக் கிரிம்ப் (சால்டர் இல்லாமல் அழுத்திப் பிடிப்பது) செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி ஈசிஎம். 12 வோல்ட் வருகிறது, ஹீட்டர் ஓமும் சரி என்றால், முதலில் கோடை ஒரு தடவை அழியுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. கோளாறைக் கண்டதும் சில ஈசிஎம்கள் பாதுகாப்புக்காக அந்த எர்த்தை நிறுத்திவிடும், நல்ல ஈசிஎம்மும் செத்தது போலத் தெரியும். பிறகு டெஸ்ட் லேம்பின் கிளிப்பை 12 வோல்ட் வரும் துளையிலும் முனையை மற்ற ஹீட்டர் துளையிலும் வையுங்கள். 5 வாட் பல்பு போதும், ஹெட்லைட் பல்பு கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். பல்பு எரிந்தாலோ, மினுக் மினுக் என்றாலோ, அந்த ஒயர் பாடியில் ஒட்டாமல் இருந்தால், ஈசிஎம் எர்த் கொடுக்கிறது என்று அர்த்தம். 15,000 ரூபாய் பேச்சு அத்தோடு முடிந்தது.

எரியவே இல்லை என்றாலும் முடிவு கட்டாதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரைப் பிரித்து, அந்த எர்த் ஒயரின் இரண்டு முனைக்கும் கன்டினியூட்டி (இடையில் அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பார்க்கும்போதே ஒயர் கட்டை ஆட்டிப் பாருங்கள், உள்ளே அறுந்தது ஆட்டினால்தான் தெரியும். அந்த ஒயரும் சரி, பாடியோடு ஒட்டவும் இல்லை, அப்போதும் பல்பு எரியவில்லை என்றால்தான் ஈசிஎம் உள்ளே அந்த எர்த்தைக் கொடுக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று நம்பலாம். ஹீட்டர் ஷார்ட் ஆன வண்டியில் இது நடக்கும். அப்போதும் போர்டு வேலை தெரிந்தவர் அந்த ஒரு பாகத்தை மாற்றித் தருவார். பழைய இரும்புக் கடை ஈசிஎம்மைக் கொண்டுவந்து மாட்டினால், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி உங்கள் சாவிக்கு ஸ்டார்ட் ஆகாது. அதற்கு ‘புரோகிராமிங்’ என்று தனி பில் வரும். சோதிக்காமல் மாற்றியிருந்தால், உங்கள் நல்ல ஈசிஎம் வேறு ஒருவருக்கு விலை போகும்.

கம்பெனி சர்வீஸுக்குப் போனால் ஒரு ஒயருக்காக முழு ஒயரிங் கட்டையே மாற்றச் சொல்லலாம். ஒயரிங் வரைபடத்தை வெளி மெக்கானிக்குப் பெரும்பாலும் கொடுக்கவும் மாட்டார்கள். நல்ல கைவேலை தெரிந்தவரும் அதனால்தான் ஊகத்தில் பாகம் மாற்றுகிறார். பாலக்கோட்டிலோ தர்மபுரியிலோ கார் மெக்கானிக்கை விட்டுவிட்டு, ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மேலே சொன்ன எல்லாம் அவருக்கு ஒரு மணி நேர வேலை.

அதுவரை ஓட்டலாமா? ஓட்டலாம். குளிர்ந்த எஞ்சின் சூடாகும் வரை பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே லைட் மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை); மெதுவாக ஓரங்கட்டி நிறுத்துங்கள், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் அப்படியே மிதித்துப் போனால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்துவிடும்.

ஆர்.சி. விஷயம். பதினைந்து வருடம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே ஃபார்ம் 25-இல் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். “லைட் எரிந்தால் வண்டி பாஸ் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கூடுதல் பணம் கேட்பவர் செய்யப்போவது, காட்டுகிற அன்று காலையில் கோடை அழிப்பது. இல்லாவிட்டால் மீட்டரைப் பிரித்துப் பல்பையே பிடுங்குவது. சாவியை ஆன் செய்ததும் எஞ்சின் லைட் ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் ஓம் சரியாகக் காட்டினால், புதிதாக மாற்றியதற்கு வாங்கிய 3,500-ஐத் திருப்பிக் கேட்க அதுதான் சாட்சி.