மடாலயப் பியரும் மதிப்பெண்ணும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெல்ஜியத்து மடாலயப் பியர்களைப் பற்றியும், அவற்றை 50 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடும் முறையைப் பற்றியும் முன்னர் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இம்முறை பதில் சொல்கிறேன்.

*கேள்வி: நான் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் மடாலயப் பெயர் கொண்ட கருஞ்சிவப்பு ஏல் வகைப் பியரில் 330 மி.லி. புட்டிகள் இரண்டை வாங்கி வந்தேன். 9 விழுக்காடு என்று லேபிளில் உள்ளது. ஒன்றை நானும் என் மைத்துனரும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்து, தனித்தனியே மதிப்பெண் போட்டோம். நான் 44 கொடுத்தேன், அவர் 27 கொடுத்தார். "மருந்து வாடை, அடியில் கசடு, நுரை நிற்கவில்லை, தொண்டை எரிகிறது" என்பது அவர் குறிப்பு. "அத்திப்பழம், கருப்பட்டிப் பாகு, அருமை" என்பது என் குறிப்பு. யார் மதிப்பெண் சரி? – தங்கச்சிமடம் வாசகர்*

பதில்: மதிப்பெண்ணை விட உங்கள் மைத்துனரின் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர் ஒவ்வொரு குறையையும் பெயர் சொல்லி எழுதியிருப்பதால், அவை ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய முடிகிறது. "அருமை" என்ற சொல்லை அப்படி ஆராய வழியில்லை.

முதலில் முறையை நினைவுபடுத்துகிறேன். 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10 என 50 மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. தோற்றத்துக்கு 3 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். கசடும் நுரையும் சேர்ந்து எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்த வரிசையில் மூன்றுக்கு மேல் குறைக்க முடியாது. உங்கள் மைத்துனர் 23 குறைத்திருக்கிறார் என்றால், கண்ணால் கண்ட குறையின் வருத்தம் சுவைக்கான மதிப்பெண்ணிலும் கலந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கசடு குறையே அன்று. இவ்வகைப் பியர்களில் பெரும்பாலானவை, புட்டியில் அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்க்கப்பட்டு, மூடிய புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பவை. அடியில் படிவது அந்த ஈஸ்ட்தான். புட்டியைச் சாய்த்து ஒரே வீச்சில் மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை அளவை மட்டும் புட்டியிலேயே நிறுத்திக்கொண்டால் தெளிவாக வரும். நுரையைப் பொறுத்தவரை டம்ளர்தான் என் சந்தேகத்துக்குரியது. மீன் பொரித்த எண்ணெய்ப் பசையோ சோப்போ இம்மியளவு ஒட்டியிருந்தாலும் பியர் நுரை உடைந்துவிடும். மேலும், எவர்சில்வர் டம்ளரில் நிறத்தை எப்படிப் பார்ப்பது? வாய் அகன்று, மேல்விளிம்பு சற்றே உட்குவிந்த கண்ணாடிக் கோப்பையைக் கழுவி, வெறும் நீரில் மூன்று முறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

"மருந்து வாடை" என்பதுதான் உண்மையான சிக்கல். பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலத்தை நினைவூட்டும் மணம் என்றால், அது இவ்வகைக்கு உரிய மணம். அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடை என்றால், அது வேண்டாத ஈஸ்டாலோ குளோரின் கலந்த நீராலோ வந்த பழுது. மணத்திலும் சுவையிலும் தாராளமாகக் குறைக்கலாம். இவ்விரண்டில் எது என்று அவரையே கேளுங்கள். தொண்டை எரிச்சலில் நான் அவர் பக்கம் நிற்கிறேன். நல்ல மடாலய ஏல் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், சாராயம் குடித்தாற்போல எரியாமல் மென்மையான வெம்மையாக இறங்க வேண்டும். அந்த எரிச்சலை உங்கள் தாளில் நீங்கள் குறிக்கவே இல்லை. சுவையில் இரண்டும் கனத்தில் ஒன்றும் நீங்கள் குறைத்திருக்க வேண்டும்.

குளிர்பெட்டிக் குளிரில் குடித்தது இருவருக்குமே நட்டம். 4 பாகை குளிரில் மணம் எழாது. 10 முதல் 14 பாகைக்குள் இருக்கும்போதுதான் அத்தியும் உலர்திராட்சையும் மேலே வரும். பெல்ஜியத்துக் குளிரில் அதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் புட்டியை வெளியே எடுத்து வைத்த இருபது நிமிடங்களே போதும். ஊற்றிய உடனே ஒரு முறையும், பத்து நிமிடம் கழித்து மறுமுறையும் முகர்ந்து, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

ஆகவே 44, 27 இரண்டையும் நான் ஏற்கவில்லை. இன்னொரு புட்டி இருக்கிறதல்லவா, அதை முறைப்படி சுவைத்துப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க என் கணக்கு ஒன்றைத் தருகிறேன். 11.3 விழுக்காடு ஆல்கஹால் வலுவுள்ள, பெல்ஜியத்து ரோஷ்ஃபோர் மடத்தின் 'ரோஷ்ஃபோர் 10' பியருக்கு நான் மணத்தில் 11, தோற்றத்தில் 3, சுவையில் 18, கனத்தில் 5, மொத்தத்தில் 9 என 46 கொடுத்திருக்கிறேன். சுவையில் இரண்டைக் குறைத்ததற்குக் காரணம், முடிவில் இனிப்பு சற்று நீண்டு நின்றதுதான்.

*கேள்வி: பனைத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். அந்தப் பியரில் கருப்பட்டி மணம் வருகிறது என்கிறார்கள். பனையே இல்லாத நாட்டில் அது எப்படி? கிராம்பையும் அவர்கள் இடித்துச் சேர்க்கிறார்களா? – சாயல்குடி வாசகர்*

பதில்: பதநீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பவருக்கு இதை விளக்குவது எளிது. அவர்களிடம் உள்ளது பீட் கிழங்குச் சர்க்கரை. அதைக் கருகாமல் கருக்கும் பதத்துக்குக் காய்ச்சிய பாகை, மால்ட் எனும் முளைகட்டிய பார்லியின் கஞ்சியைக் கொதிக்கவைக்கும்போது சேர்க்கிறார்கள். உங்கள் கொப்பரையில் பாகு இறுகும்போது எழுகிற மணமும் அந்த மணமும் நெருங்கிய உறவு. ஆயினும் இந்தச் சர்க்கரை இனிப்புக்காகச் சேர்க்கப்படுவதில்லை. ஈஸ்ட் அதை முழுவதும் உண்டு ஆல்கஹாலாக்கிவிடுவதால் பியர் வலுவேறுகிறது. ஆனால் மால்ட் மட்டுமே கொண்டு அதே வலுவை எட்டினால் வரும் கூழ் போன்ற தடிப்பு வருவதில்லை.

கிராம்பு மணம் பெரும்பாலும் ஈஸ்ட் தருவது. மால்ட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தை இந்த ஈஸ்ட் இனங்கள் கிராம்பை ஒத்த மணமுள்ள பொருளாக மாற்றுகின்றன. வாழைப்பழ மணமும் அதே ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்கும் எஸ்டர் என்ற மணப்பொருள்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பதை அறிந்தவர் நீங்கள். ஈஸ்டைத் தடுப்பதும் விடுவதும் ஒரு பானத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் குறிப்பில் "பழுத்த அத்தி" என்று எழுத வராவிட்டால் "இரண்டாம் பதக் கருப்பட்டிப் பாகு" என்றே எழுதுங்கள். அந்த மணத்தை நீங்கள் என்னைவிட நுட்பமாக அறிவீர்கள்.

*கேள்வி: டிராப்பிஸ்ட் என்று போட்டிருந்தால் மதிப்பெண் கூட்டலாமா? லேபிளில் உள்ள 6, 8, 10 என்ற எண்கள் ஆல்கஹால் அளவா? – தொண்டி வாசகர்*

பதில்: கூட்டக் கூடாது. டிராப்பிஸ்ட் என்பது ஒரு கிறித்தவத் துறவியர் சபை. அதன் மடங்களின் சங்கம் தரும் அறுகோண முத்திரை, அந்தப் பியர் மடத்தின் வளாகத்திலேயே, துறவியரின் கையாலோ மேற்பார்வையிலோ வடிக்கப்பட்டது, வருவாய் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போகிறது என்று மட்டுமே உறுதி சொல்கிறது. லெஃப், கிரிம்பெர்கன் போன்றவை மடாலயப் பெயரில் பெரு நிறுவனங்கள் வடிப்பவை. அவற்றிலும் நல்லவை உண்டு. லேபிளைக் காகிதத்தால் மறைத்துவிட்டுச் சுவைப்பதே நேர்மை.

ரோஷ்ஃபோரின் 6, 8, 10 என்பவை நொதிப்பதற்கு முந்திய சாற்றின் அடர்த்தியைக் காட்டும் பழைய பெல்ஜிய அளவு. அவற்றின் ஆல்கஹால் முறையே 7.5, 9.2, 11.3 விழுக்காடு. அதுபோல, சில லேபிள்களில் காணும் டிரிப்பெல் என்ற பெயரை வைத்து மும்மடங்கு வலுவென்று கொள்ள வேண்டாம். வெஸ்ட்மல்லே மடம் 1956இல் அப்பெயரைத் தன் பொன்னிறப் பியருக்குச் சூட்டியது. அதன் வலு 9.5 விழுக்காடு.

*கேள்வி: உறவினர் தந்த மடாலயப் பியர் புட்டி ஒன்று ஆறு மாதமாக அலமாரியில் இருக்கிறது. "பழகப் பழகச் சுவை கூடும்" என்கிறார் அவர். மண்டபத்துப் புழுக்கத்தில் அது கெட்டிருக்குமா? – மண்டபம் வாசகர்*

பதில்: கருநிற வலுவான ஏல் நாட்பட மெருகேறும் என்பது, 12 பாகை அளவில் இருள் சூழ்ந்த நிலவறையில் வைத்திருந்தால் உண்மை. சூடு ஏற ஏற ஆக்சிஜன் தன் வேலையை விரைவுபடுத்தும். நம் கடற்கரை வீட்டில் ஆறு மாதம் என்பது அந்த நிலவறையின் சில ஆண்டுகளுக்கு ஒப்பானது. எனக்கு ஒரு முறை, கடையின் சன்னலோரத்தில் நின்ற புட்டி ஒன்று வாய்த்தது. திறந்ததுமே நனைந்த அட்டைப்பெட்டி வாடையும், வெளிச்சம் பட்டதால் எழும் கந்தக வாடையும் சேர்ந்து வந்தன. ஆசையாக வாங்கியதை ஒரு வாய்க்கு மேல் குடிக்க மனம் வரவில்லை.

உங்களுடையது அலமாரி இருட்டில் இருந்ததால் கந்தக வாடை இராது. இன்றே குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஈஸ்ட் அடியில் படிய இரண்டு நாள் விடுங்கள். உலர்திராட்சையும் பழைய திராட்சை மதுவும் கலந்த மணம் வந்தால் நன்றாக முதிர்ந்திருக்கிறது. அட்டை வாடை வந்தால் வருந்தாமல் கொட்டிவிடுங்கள்.

சுவைக்கும் நாளில் மீன் குழம்பையும் முண்டு மிளகாயையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் மேலும் தூண்டிவிடும். இடையிடையே தண்ணீரும் கொஞ்சம் பொரியும் போதும். கருவாடு காயும் முற்றத்தை விட்டு உள்ளறையில் அமருங்கள். 11.3 விழுக்காட்டுச் சிறு புட்டி ஒன்றில் உள்ள ஆல்கஹால், 5 விழுக்காட்டுப் பெரிய 650 மி.லி. புட்டியில் உள்ளதைவிட அதிகம். ஆகவே ஒரு புட்டியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். அன்று வண்டியோ வள்ளமோ எடுக்க வேண்டாம்.